உள்ளங்காலால் கேட்ட ஏவிஸ்

டெல்பரி ஊர் ஹாலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை அது. சாயங்காலச் சாப்பாட்டுக்காகப் பயற்றுப் பானைகளை அடுப்பில் ஏற்றிவிட்டு மேசைகளைத் துடைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் பயறு கூழாங்கல் மாதிரி முட்டுகிறது. எப்போது அணைந்ததோ, அடுப்பு அணைந்து கிடந்தது. மேலே ஹாலில் ஊரே ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து சாப்பாடுதான், எல்லாரும் பசியோடு படி இறங்கி வருவார்கள். அடுப்பை மறுபடி பற்றவைத்துவிட்டு, மாதாவே, முதல் நாளே என்னைத் தலைகுனிய விடாதே என்று முணுமுணுத்தபடி நின்றேன்.

இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்க ஒரு பெண் இறங்கி வந்தாள். நெட்டையான உடம்பு, நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாள். வாசலில் நின்று பானையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் குரல் கேட்டது.

"சாப்பாட்டுக்கு யாரும் அவசரப்படாதீங்க. புதுசா ஒரு ஆட்டம் யோசிச்சு வெச்சிருக்கேன். பசியோட ஆடினாத்தான் அது சரியா வரும். வரிசை கட்டுங்க!"

மேலே எல்லாரும் முனகுவதும் சிரிப்பதும் கேட்டது. பிறகு கால்கள் கிளம்பின. அது முடிந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போனாள். அவர்கள் வியர்வை சொட்ட இறங்கி வந்தபோது பயறு பூவாக வெந்திருந்தது. தட்டை நீட்டியபோது அவள், "நல்லா வெந்திருக்கு" என்றாள். அவள்தான் ஏவிஸ் கோல்பர்ன்.

ஏவிஸ் ஆற்றோரம் இருந்த மர ஆலையில் கடைசல் மெஷினில் நின்று வேலை செய்தவள். துணி உலர்த்தும்போது கொடியில் செருகுகிற மரக் குச்சிகள் அங்கேதான் கடைந்தார்கள். உருண்டைத் தலையும் இரண்டு காலும் உள்ள குச்சி. மேசைமேல் நிறுத்தினால் குட்டி மனிதன் மாதிரி நிற்கும். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், புருஷன் இறந்த பிறகும் அதே மெஷினில்தான் நின்றாள். ஒரே மகன், மேய்ன் பக்கம் மீன்பிடிப் படகில் வேலை. அந்த ஆலையின் சத்தம் ஆற்றின் அக்கரையில் இருக்கும் எங்கள் கோயில் வரைக்கும் கேட்கும். பூசையில் சாமியார் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அது ரீங்கரிக்கும்.

சனிக்கிழமையானால் அவள் வேறு ஆள். ஹாலில் கான்ட்ரா ஆட்டம் நடக்கும். அவள் மேடையில் நின்று ஆட்டம் சொல்வாள்.

பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீள வரிசைகள் எதிரெதிராக நிற்கும். எதிரே நிற்பவர் உங்கள் ஜோடி. பக்கத்து ஜோடியோடு சேர்ந்து நாலு பேராக ஒரு சுற்று ஆடி முடித்தால் ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திக்கும். அவர்களோடும் அதே ஆட்டம். இப்படியே ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், அங்கே ஒரு சுற்று சும்மா நின்று, ஜோடியோடு இடம் மாறிக்கொண்டு திரும்பி வரவேண்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மேடையில் இருப்பவர் பாட்டுக்கு ஒரு மூச்சு முன்னால் சொல்ல வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. கால்களுக்குப் பழகிவிட்டது என்று தெரிந்ததும் சொல்பவர் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தையைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் வாயை மூடிக்கொள்வார். பிறகு பாட்டும் கால்களும் மட்டும்தான். சொல்பவர் வாயை மூடினால் ஆடுகிறவர்களை நம்பிவிட்டார் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் ஊரில் கிடையாது.

நான் ஆடுவதில்லை. சமையலறைப் படியின் மேல்தட்டில் உட்கார்ந்து செபமாலையை உருட்டிக்கொண்டு பார்ப்பேன். ஒரு கை இன்னொரு கையைப் பிடிக்கும், விடும், அடுத்த கையைப் பிடிக்கும். என் விரலடியில் மணிகள் நகர்வதும் கண்ணுக்கு முன்னால் மனிதர்கள் நகர்வதும் ஒன்றாகிவிடும். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். மாதா அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை, அக்டோபரில் இலைகள் சிவக்கும்போது, வெளியூர் ஆட்டக்காரர்கள் வந்து சேர்வார்கள். பாஸ்டனிலிருந்தும் வெர்மான்டிலிருந்தும் கார் காராக வருவார்கள். அதில் சனிக்கிழமை மத்தியானம் பழகியவர்களுக்கு மட்டும். கஷ்டமான ஆட்டங்கள். அதைச் சொல்வது ஏவிஸின் வேலை. சாதாரண ஆட்டத்தில் நாலு பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். ஏவிஸின் ஆட்டத்தில் ஜோடி கையை விட்டுவிட்டு எங்கோ போய்விடும். நீங்கள் முன்பின் தெரியாத மூன்று பேரைக் கடந்து, நாலாவது ஆளோடு சுழன்று, பின்னல் பின்னுவது போல ஊடும் பாவுமாக நடந்து திரும்பினால், தொலைத்த கை சரியாக உங்கள் முன்னால் நீண்டிருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்.

பெர்லி என்று ஒரு மாட்டுப்பண்ணைக்காரன். நன்றாக ஆடுவான், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஆடிக்கொண்டே மேடையைப் பார்த்துக் கத்துவான்.

"ஏம்மா ஏவிஸ், என் பொண்டாட்டிய எங்க அனுப்பி வெச்ச?"

"நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கா. நீ திரும்பிப் பாக்காம நட."

"திரும்பி வருவாளா?"

"அது அவ இஷ்டம் பெர்லி!"

ஹால் முழுக்கச் சிரிக்கும். ஒரு கால்கூடத் தாளம் தப்பாது.

இந்த ஆட்டங்களை ஏவிஸ் சமையலறை மேசையில்தான் கண்டுபிடிப்பாள். ஆலையில் கழித்துப்போட்ட குச்சிகளுக்கு ஆணுக்கு நீல நூல், பெண்ணுக்குச் சிவப்பு நூல் கட்டி வரிசையாக நிறுத்தியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனால் வாசலில் பூட்ஸ் பனியைத் தட்டும்போதே உள்ளேயிருந்து, "மேசைய ஆட்டிடாத அடேல், எல்லாரும் நடு வழில நிக்கிறாங்க" என்பாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். உள்ளே அவள் ஏதோ ராகத்தை மூக்கால் முனகிக்கொண்டு ஒரு சிவப்பு நூலை எடுத்து நாலு நீல நூலுக்கு அப்பால் வைப்பாள். வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நானும் பார்ப்பேன். காபி ஆறிப்போகும். அந்தக் குச்சிகள் தாங்களாகவே நகரப்போகின்றன என்று எனக்குத் தோன்றும்.

ஒரு வசந்த காலத்தில் அவள் முனகுவது நின்றுபோனது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. நான் கவனித்தது தரையை.

தரை துடைக்கிறவளுக்கு யார் எங்கே நின்றார்கள் என்று தெரியும். ஏவிஸ் எப்போதும் மேடையின் முன்விளிம்பில் நிற்பாள், அங்கே அவள் ஷூவின் தேய்ப்பு இருக்கும். அந்த வருஷம் திங்கட்கிழமைகளில் நான் துடைக்கப் போனால் முன்விளிம்பு சுத்தமாக இருந்தது. பியானோவின் பின்னங்காலுக்குப் பக்கத்தில், மெழுகின்மேல், ஐந்து விரலும் பதிந்த வெறுங்கால் தடம் இருந்தது. ஒரு வாரம் மட்டும் அல்ல. வாரா வாரம்.

ஒரு நாள் ஆட்டத்துக்கு முன்னால் அவள் தனியாக மேடையில் நிற்பதைப் பார்த்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பிறகு போய்த் தோளைத் தொட்டேன்.

"ஏவிஸ், மேடையில ஏன் ஷூவக் கழட்டுற?"

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தாள். "கால் வலி."

"கால் வலிச்சா ஒக்காருவாங்க. பியானோ பக்கத்துல போயி வெறுங்காலோட நிக்க மாட்டாங்க."

சிரித்தாள். "தொடைக்கிறவகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது போல." மேடை விளிம்பில் உட்கார்ந்தாள், என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "பிடில் போயிடுச்சு அடேல். ரோஜர் வில்ல இழுக்கிறான், கை போகுது, வருது, சத்தம் மட்டும் இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கு. மொத பிடிலு, அப்புறம் புல்லாங்குழலு. இப்ப எல்வுட்டோட பியானோ மட்டும்தான். அதுவும் காதுல இல்ல, பலகை வழியா வருது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"காத ஆலை எடுத்துக்கிச்சு, திருப்பித் தராதுங்கிறாரு. காதுல மெஷின் மாட்டிப் பாத்தேன். பேச்சு கொஞ்சம் தேவலை. பாட்டு, தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. கழட்டி வெச்சிட்டேன்."

"எல்வுட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன? உனக்குத் தோதா வாசிப்பாரே."

"அதுக்குத்தான் சொல்லல. சொன்னா அவன் எனக்காக வாசிப்பான். ஆடுறவங்களுக்காக வாசிக்க மாட்டான்." காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னாள். "அக்டோபர் வரைக்கும் பாக்கிறேன். அந்த மத்தியானம், அவ்ளோ பேருக்கு நடுவுல, என்னால வரிசை ஒடைஞ்சுதுன்னா அதோட மைக்கக் கீழ வெச்சிடுவேன். பாதை தெரியாதவ முன்னால நடக்கக் கூடாது."

"வெச்சிட்டு?"

"வெச்சிட்டு என்ன? சனிக்கிழமை இல்லேன்னா எனக்கு வாரத்துல ஆறு நாள்தான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள், "உங்க மாதாகிட்ட எனக்காகக் கொஞ்சம் பேசு. நான் அவங்ககூடப் பேசி ரொம்ப வருஷமாச்சு. இப்ப போயிக் கேக்க வெக்கமா இருக்கு" என்றாள்.

"அம்மாகிட்ட என்ன வெக்கம்? நான் பேசுறேன். ஆனா நீ நிக்கிற எடம் சரியில்ல. எந்திரி."

மேடைப் பலகைகளை முட்டி போட்டுத் துடைத்தவள் நான். அவள் நின்றுகொண்டிருந்த பலகை பாதியில் வெட்டி ஒட்டுப்போட்டது. அதற்கடுத்த பலகை பியானோ காலுக்கு அடியிலிருந்து முன்விளிம்பு வரை ஒரே மரமாக ஓடியது. அதில் அவளை நிற்கவைத்துவிட்டுப் போய் பியானோவின் கனத்த கட்டை ஒன்றை ஒரு விரலால் அழுத்தினேன். எனக்கு அந்த ஒரு சுரத்துக்கு மேல் வாசிக்கத் தெரியாது. அவள் முகம், விடியும்போது ஜன்னல் திரையை விலக்கினால் அறை மாறுமே, அப்படி மாறியது.

"இன்னொரு தடவ" என்றாள்.

அக்டோபர் வந்தது. அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே குளத்திலிருந்து மூடுபனி எழுந்து ஊரை மூடியிருந்தது. மேப்பிள் மரங்கள் தெரியவில்லை, அவற்றின் சிவப்பு மட்டும் தெரிந்தது. கார்கள் மெதுவாக ஒவ்வொன்றாக வந்து நின்றன. மத்தியானம் ஆனபோது ஹாலில் இரண்டு பெரிய வரிசைகள். எல்லாம் வருஷக்கணக்காக ஆடினவர்கள். பாதி பேர் சொந்தமாக ஆட்டம் சொல்கிறவர்கள். நான் பயற்றைச் சின்னத் தீயில் வைத்துவிட்டுப் படியின் மேல்தட்டுக்கு வந்து செபமாலையை எடுத்தேன்.

ஏவிஸ் நீளமான பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதனால் அவள் வெறுங்காலை யாரும் பார்க்கவில்லை. அந்த முழுப் பலகையில் நின்றாள். ஒரு ஆட்டம், இரண்டாவது, மூன்றாவது. எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. எல்வுட்டின் இடது கை கனமாக விழும் ஒவ்வொரு தடவையும் அவள் தலை லேசாக அசைந்தது. எனக்கும் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

கடைசி ஆட்டத்துக்கு வந்தாள். "இதுக்குப் பேரு குளத்து மூடுபனி. இன்னிக்குத்தான் மொத தடவ. எங்க வீட்டு மேசை மேல குச்சிங்க ஆடியிருக்கு, மனுஷங்க இன்னும் ஆடல" என்றாள். பாட்டு இல்லாமல் ஒரு தடவை எல்லாரையும் நடக்கவைத்தாள். ஜோடியின் கையை விட்டு வரிசைக்கு வெளியே போகவேண்டும், இரண்டு பேரைத் தாண்டவேண்டும், அங்கே இருப்பவரோடு சுழலவேண்டும், பின்னலாக நடந்து வரவேண்டும். வந்து நாலு பேரும் கைகோத்து வலது காலால் ஒரு மிதி. அதன் பிறகு ஜோடியோடு சுழற்சி.

"ஒரு விஷயம் நல்லா கேட்டுக்கோங்க. முனைக்கு வர்றவங்க எப்பவும் இடம் மாறிக்குவீங்க இல்ல? இதுல மாறக் கூடாது. அப்படியே நிக்கணும். மாறினீங்க, மொத்த வரிசையும் அவுந்துரும். பெர்லி, ஒனக்குத்தான் சொல்றேன்."

"எனக்குன்னே தனியா சொல்றியா? ரொம்ப சந்தோஷம் தாயே!"

பாட்டு தொடங்கியது. முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாற்றம், சிரிப்பு. இரண்டாவதில் குறைந்தது. பிறகு அது ஓடத் தொடங்கியது. வெளியே போனவர்கள் புகையில் கரைவது போலக் கூட்டத்தில் கரைந்தார்கள், திரும்பி வந்தார்கள், கைகள் கோத்துக்கொண்டன, மிதி விழுந்தது. ஜன்னல்களில் வெள்ளையாக மூடுபனி அப்பியிருந்தது. ஹால் மட்டும் எங்கோ ஆகாயத்தில் மிதந்துகொண்டிருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. ஏவிஸ் வார்த்தையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முனைக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் சொன்னாள்: "முனை, நில்லுங்க."

அப்போதுதான் எல்வுட் பியானோவிலிருந்து கைகளை எடுத்தார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. ஆட்டம் உச்சத்துக்குப் போய், ஆடுகிறவர்கள் நல்ல கெட்டிக்காரர்களாகவும் இருந்தால், பியானோ கொஞ்ச நேரம் மௌனமாகிவிடும். பிடில் மட்டும் தனியாக, நூலிழையாக ஓடும். பிறகு பியானோ திடீரென்று இரண்டு கையாலும் விழும்போது ஹால் கூரை பிளக்கக் கத்தும். எல்வுட் அதை லேசில் செய்யமாட்டார். மனசு நிறைந்தால்தான். அன்று அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஏவிஸ் குனிந்து பலகையைப் பார்த்தாள். பிறகு எல்வுட்டைப் பார்த்தாள். அவள் வாய் பாதி திறந்திருந்தது. பிடில் இருக்கிறது, ரோஜரின் கை போய்ப் போய் வருகிறது. ஆனால் பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய நொடி வந்தது. போயிற்று. அவள் சொல்லவில்லை.

கீழே ஆடுகிறவர்கள் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இவ்வளவு கஷ்டமான ஆட்டத்தில், இவ்வளவு சீக்கிரத்தில், நம்மை நம்பி விட்டுவிட்டாள் என்று நினைத்தார்கள். தோள்கள் நிமிர்ந்தன.

பெர்லியும் அவன் மனைவியும் அந்தச் சமயம்தான் மேடைக்குத் தூரத்தில் இருந்த கீழ்முனைக்கு வந்தார்கள். மேடையிலிருந்து குரல் வரவில்லை. வருஷக்கணக்கான பழக்கம் அவன் கால்களை நகர்த்திவிட்டது. இடம் மாறி நின்றுகொண்டான்.

அடுத்து வந்த ஜோடிக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அவர்களுக்கு அடுத்தவர்களும் தவறினார்கள். ஸ்வெட்டரில் ஒரு இழை அறுந்தால் கண் கண்ணாகப் பிரிந்து ஓடுமே, அப்படி அந்தக் குழப்பம் கீழ்முனையிலிருந்து மேலே ஓடி வரத் தொடங்கியது. என் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

மேல்பாதியில் வரிசை இன்னும் கெடவில்லை. அங்கே பின்னல் முடிந்து எல்லாரும் கைகோத்தார்கள். மிதித்தார்கள்.

நான் உட்கார்ந்திருந்த படி அதிர்ந்தது. மேடையில் ஏவிஸின் தலை நிமிர்ந்தது. பாவாடை விளிம்புக்குக் கீழே அவள் கால்விரல்கள் பலகையைக் கவ்வியது, அங்கேயே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

அவள் அவசரப்படவில்லை. எத்தனை பேரால் அப்படி இருக்க முடியும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, குரல் இல்லை. அந்த மிதியிலிருந்து தொடங்கி, சுழற்சி, விலகல், தாண்டல், பின்னல் என்று தன் மேசைக் குச்சிகளை மனதில் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு ஒரு முழுச் சுற்றும் காத்திருந்தாள். கீழே குழப்பம் பாதி ஹாலுக்கு ஏறிவிட்டது. அவள் மனசுக்குள் மிதி வந்த அதே நொடியில் தரையிலும் மிதி விழுந்தது. கண்ணைத் திறந்தாள்.

"பெர்லி, அந்தப் பக்கம் போ! முனை, நில்லுங்க! தப்பினவங்க நடக்காதீங்க, நின்ன எடத்துலேயே நில்லுங்க, ஒங்க ஜோடி வரும், கைய நீட்டுங்க... இப்போ மிதி!"

கைகள் நீண்டன. யாரோ ஒருத்தி பெர்லியைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து அவன் இடத்தில் நிறுத்தினாள். இழை அறுந்த இடத்திலேயே முடிச்சு விழுந்தது. மிதி இப்போது முழு ஹாலிலிருந்தும் ஒன்றாக எழுந்தது. எல்வுட்டின் இரண்டு கைகளும் பியானோவில் விழுந்தன. அப்போது எழுந்த சத்தத்தில் கீழே பானை மூடிகள் கலகலத்ததாக ஞாபகம்.

சாப்பாட்டு நேரத்தில் பாஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரி தட்டைக்கூட வாங்காமல் ஏவிஸிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தாள். உதடு நன்றாகத் தெரியும்படி நேராக நின்று பேசினாள், அது தற்செயல்தான்.

"அந்த எடத்துல பேசாம விட்டுட்டீங்க பாருங்க! வேற யாருக்கும் அந்தத் தைரியம் வராது. எங்கள எவ்ளோ நம்பியிருக்கீங்க!"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஏவிஸ் ஒரு புன்னகையோடு தலையாட்டியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் ஒங்கள நம்பல" என்றாள். "எனக்குக் கேக்கல."

யாருக்கும் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், என்னிடம் சொன்ன அதே எளிய வார்த்தைகளில். பிடில் போனது, பலகை, வெறுங்கால். எல்வுட் கையில் பிடித்திருந்த ரொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல ஏவிஸ்? நான் கைய எடுத்திருக்கவே மாட்டேனே!"

"அதான் சொல்லல."

எல்வுட் மெதுவாகத் தலையாட்டினார்.

பெர்லி தொண்டையைச் செருமினான். "அப்போ நான் மேடையப் பாத்துக் கத்துறது ஒண்ணுமே ஒனக்குக் கேக்கலையா? எல்லாத்துக்கும் பதில் சொன்னியேம்மா?"

"ஒன் வாயி அசையறது தெரியும். நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருஷத்துல புதுசா ஒண்ணாவது சொல்லியிருக்கியா?"

சிரிப்பு வெடித்தது. ஏவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு நானே ஒரு வார்த்தை குடுத்திருந்தேன். என்னால வரிசை ஒடைஞ்சா நிறுத்திக்கிறேன்னு. இன்னிக்கு ஒடைஞ்சது. எல்லாரும் பாத்தீங்க."

என் கரண்டியிலிருந்து பயறு சொட்டுவது எனக்கே கேட்டது. நான் மாதாவிடம் வரிசை உடையக் கூடாது என்றுதான் கேட்டிருந்தேன். உடைந்தால் என்ன செய்வது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பெர்லிதான் முதலில் வாயைத் திறந்தான். "வரிசை எங்க ஒடைஞ்சது? நான்தானே ஒடைஞ்சேன்? தனியாப் பேர் சொல்லி எச்சரிக்கை பண்ணியும் மாறி நின்னவன் நான். அத எப்படி நீ ஒன் கணக்குல எழுதிக்கலாம்?"

பாஸ்டன்காரி ஏவிஸின் கையைத் தொட்டாள். "நாங்க மிதிச்சது ஒங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. மேல் பாதி மட்டும்."

"அப்ப எல்லாரும் மிதிக்கிறோம். அவ்ளோதானே?"

ஏவிஸ் எல்வுட்டைப் பார்த்தாள். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "நான் ஒனக்காக வாசிக்க மாட்டேன். தோணினாக் கையத் தூக்கத்தான் செய்வேன்" என்றார்.

"தூக்கு" என்றாள் ஏவிஸ். உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். நான் அவள் தட்டுக்குப் பக்கத்தில் காபிக் கோப்பையை வைத்தேன்.

அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் அவள் ஆட்டம் சொன்னாள். அவள் உண்டாக்கிய ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்காவது ஒரு மிதி இருக்கும். டெல்பரிக்குப் புதிதாக வருகிறவர்கள், இந்த ஊரில் ஏன் தரையை உடைப்பது போல மிதிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் மேடையைக் காட்டுவார், அதற்குள் அடுத்த மிதி வந்துவிடும். திங்கட்கிழமைகளில் பலகைகளில் ஆணிகள் தலை தூக்கியிருக்கும். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு ஒவ்வோர் ஆணியாக அடித்து இறக்குவேன். ஓர் ஆணிக்கு, மாதாவுக்கு ஓர் 'அருள் நிறைந்த' செபம். அந்த ஹாலில் நான் சொன்ன செபம் அளவுக்குக் கோயிலில்கூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

எல்வுட் இறந்த வருஷம் ஏவிஸ் மைக்கைக் கீழே வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை, அவளாகவே வைத்தாள். அழவில்லை. மேட்டிலிருந்த தன் வீட்டில் அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு பொழுதைக் கழித்தாள். பால் வண்டி மேடு ஏறுவது, குழாய்க்குள் பனி உருகி ஓடுவது, பூனை மெத்தையிலிருந்து குதிப்பது எல்லாம் அவளுக்குக் கால் வழியாகத் தெரிந்தது. "ஒலகம் ரொம்ப அமைதியாவும் இருக்கு, ரொம்ப ஆட்டமாவும் இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாள். பேச வேண்டியதை நான் உதட்டை அசைத்துச் சொல்வேன். பாதி நேரம் இரண்டு பேரும் பேசாமல் மேசையில் நிற்கும் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு மார்ச் மாதம், பனி உருகி வழியெல்லாம் சேறாகிற காலம். ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். கொஞ்சம் சாப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நன்றாகத்தான் இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் மகன் மேய்னிலிருந்து வந்து அவளுடைய கடைசிக் காரியங்களையெல்லாம் முடிக்கும்படி ஆகும் என்று அன்று இரண்டு பேருக்கும் தெரியாது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். அவள் நெற்றியில் சிலுவை வரைந்தேன், அதற்கு எப்போதும் போலச் சிரித்தாள். அவள் நாற்காலி வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது. எனக்குக் கோயில் பழக்கம், எந்தக் கதவையும் சத்தமில்லாமல்தான் சாத்துவேன். நான் கதவுப் பிடியில் கை வைத்தபோது அவள் திரும்பாமலே சொன்னாள்:

"மெதுவா சாத்தாத அடேல். நல்லா அடிச்சு சாத்து. நீ போறது எனக்குத் தெரியணும்."